காப்பி

வார்டோவில் ஜனவரி எட்டு.
நவம்பரில் போன சூரியன் இன்னும் திரும்பவில்லை.
சமூகக் கூடத்து ஒளிப்பலகையின் விளக்கு
நேற்று இரண்டு முறை கண்ணடித்துவிட்டு அணைந்தது.
மாற்று விளக்கு கப்பலில் வர வேண்டும்.
கப்பல் காற்றைக் கேட்டுத்தான் கிளம்பும்.

சுன்னிவாவுக்கு இருபத்தாறு வயது.
அவளுடைய செவ்வாய்க்கிழமை வகுப்புக்கு
பனிப்புயலில் வந்த ஒரே மாணவர்
ரிம்விதாஸ். ஐம்பத்தொன்று.
லிதுவேனியாவிலிருந்து மீன் ஆலைக்கு வந்து
பதினோரு வருடம்.
நாளைக்கு எத்தனை காட் மீன் அறுப்பீர்கள் என்றால்
தோளைக் குலுக்குவார்.

முதல் வாரம்
நூலகப் புத்தகத்தின் மேல் டிரேசிங் தாளைப் போட்டு
ஒரு காட் மீனை எடுத்தார்.
செவுள், முதுகில் மூன்று துடுப்பு,
தாடைக்குக் கீழே ஒற்றை மீசை,
கூடவே
யாரோ எப்போதோ அந்தப் பக்கத்தில் வைத்த
காப்பிக் கோப்பையின் வட்டத்தையும்.
விளிம்பு விட்டுப்போன இடத்தில் விட்டு,
சொட்டு வழிந்த இடத்தில் வழிந்து.

ஈயடிச்சான் காப்பி என்போம் நாம்.
ஜனவரியில் ஈயே இல்லாத ஊரில்
அதற்கு என்ன பெயரோ.
"இது வேண்டாம்" என்றாள் சுன்னிவா, சிரிப்பை அடக்கி.
"பக்கத்தில் இருக்கிறதே" என்றார் அவர்.

இன்று விளக்கில்லை.
கோடையானால் ஜன்னலில் ஒட்டி வரையலாம்.
இப்போது ஜன்னல் வெறும் சிலேட்டு.
வீட்டுக்குப் போகலாம் என்று அவள் சொல்ல வாயெடுத்தபோது
ரிம்விதாஸ் கோட்டை மாட்டிக்கொண்டிருந்தார்.
"வெளிச்சம் உள்ளே இருக்கிறது," என்றார்.
"அப்படியென்றால் நான் வெளியே."

முன்கூடத்துக்கும் வகுப்புக்கும் நடுவே
ஒற்றைக் கண்ணாடிக் கதவு.
இந்தப் பக்கம், முதுகில் விளக்கோடு,
புத்தகத்தின் பக்கத்தைக் கண்ணாடியில் அழுத்தி அவள்.
அந்தப் பக்கம், பூட்ஸ் வாசனையும் இருட்டுமாக,
தாளைப் பிடித்து அவர்.
இரண்டு வருடமாகத் தோளுக்கு மேலிருந்து எட்டிப் பார்த்தே
சொல்லிக்கொடுத்தவள்
முதல் முறை ஒரு கோட்டுக்கு எதிரே நின்றாள்.
கோடு அவளை நோக்கி வந்தது,
புதுப் பனிக்கட்டியில் கால் வைப்பவன் போல.
அவர் மூச்சு விட்டபோதெல்லாம்
மீன் மங்கியது, தெளிந்தது.

விலாவில் ஓடும் வெளிர்கோட்டுக்கு வந்தார்.
புத்தகத்தில் அது வாலிலிருந்து செவுள் வரை நேர்.
பென்சில் நேராக வந்து,
மார்புத் துடுப்புக்கு மேலே
ஏறியது.
சுன்னிவா கண்ணாடியைத் தட்டினாள்.
நிற்கவில்லை.
வில்லாக வளைந்து இறங்கியது.
மறுபடி தட்டினாள், பலமாக.
கையுறையைக் கழற்றினார், அவ்வளவுதான்.

உள்ளே வந்தபோது விரல்கள் சிவந்திருந்தன.
"கை நழுவிவிட்டதா?"
"இல்லை. புத்தகம் தப்பு.
நேராகப் போனால் அது ஹாடாக், வேறு மீன்.
என் கத்தி தினமும் இங்கே திரும்புகிறது."
காற்றில் அறுத்துக் காட்டினார்.
மணிக்கட்டு ஏறி இறங்கியது.

அன்றிரவு வீட்டில்
ரொட்டிகளுக்கு அடியில் உறைந்து கிடந்த மீனை எடுத்து
கட்டைவிரலால் பனியைச் சுரண்டினாள்.
பால்பல் முளைத்த நாளிலிருந்து தின்கிற மீன்.
வளைவு இருந்தது.
விரல் மரத்துப்போகும் வரை
அதன் மேலேயே ஓட்டிக்கொண்டிருந்தாள்.

அடுத்த செவ்வாய் விளக்கு வந்துவிட்டது.
பெட்டியை யாரும் பிரிக்கவில்லை.
ரிம்விதாஸ் ஒரு தாளை நீட்டினார்.
அடியில் எதுவும் வைக்காமல் வரைந்தது.
வால் சிறுத்து, கண் சட்டைப் பொத்தான் மாதிரி,
மீசை கொஞ்சம் அதிகப்படி.
வளைவு மட்டும் அந்த இடத்தில்.
மூலையில்
ஒரு பழுப்பு வட்டம்.

"இன்னுமா?" என்று
விரலால் தொட்டாள்.

ஈரம்.